ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அப்புறம்?

என் மகளுக்கு வரும் ஆவணியோடு 5 வயது முடிகிறது. 22-வது மாதத்தில்தான் நடந்தாள். தெளிவாகச் சொல்லும் வார்த்தைகள் இன்றைய கணக்கில் 11. வலிப்பும் உண்டு. எடை 12 கிலோவைத் தாண்ட மறுக்கிறது. உடம்பு துவண்ட வாக்கில் இருக்கும், அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் அப்படியே நழுவுவாள். தைராய்டு, எம்.ஆர்.ஐ., குரோமோசோம், காது, கண் எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். என்ன நோய் என்று மட்டும் இதுவரை யாரும் பெயர் சொல்லவில்லை.

ஃபைலில் "குளோபல் டெவலப்மென்டல் டிலே" என்று எழுதியிருக்கிறது. முதல் ஆறு மாதம் அதுதான் நோயின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நடை, பேச்சு, புரிதல் என்று ஒன்றுக்கு மேற்பட்ட விஷயங்களில் வளர்ச்சி நன்றாகவே பிந்தியிருந்தால் அப்படி எழுதுவார்களாம். பிந்தியிருக்கிறது என்று நாம் சொன்னதை இங்கிலீஷில் நமக்கே திருப்பிச் சொல்வதுதான் அது. ஏன் என்பது அதில் கிடையாது.

நான் தாராபுரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் இப்போது இதே அலைச்சல் தொடங்கியிருக்கிறது. அந்தப் பெண் சாயங்காலம் வந்து ஒவ்வொன்றாகக் கேட்பாள். சொல்லிச் சொல்லி, எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். டாக்டர் சொல்ல வேண்டியதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இது டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் வீட்டில் நடக்க வேண்டியது.

காத்திருக்கக் கூடாதவை

"அவங்க அப்பனும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று எங்கள் அத்தை சொன்னதை நம்பி ஏழு மாதம் போக்கினோம். அத்தை பொய் சொல்லவில்லை. என் கணவருக்குப் பேச்சு மட்டும்தான் பிந்தியது, ஓடினார், மரம் ஏறினார், கூப்பிட்டால் திரும்பினார். நம் பிள்ளைக்கு அப்படியா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 4 மாதத்தில் தலை நிற்கவில்லை, 9 மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை, ஒன்றரை வயதில் ஒரு வார்த்தையும் வரவில்லை, 2 வயதில் "அம்மா வா" மாதிரி இரண்டு வார்த்தை சேரவில்லை என்றால் அந்த வாரமே காட்டுங்கள். வந்த திறமை போனால், அதாவது நேற்றுவரை சொன்ன வார்த்தையைச் சொல்லவில்லை, பிடித்த கரண்டியைப் பிடிக்கவில்லை என்றால், எந்த வயதாக இருந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எங்கே காட்டுவது? நாங்கள் தெரியாமல் தனியார் கிளினிக் ஒன்றில் ஆரம்பித்து நிறையச் செலவழித்தோம். அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வேனில் டாக்டர், நர்ஸ் கொண்ட குழு வரும். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற திட்டம் அது. பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கையும் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கவனிக்க மாவட்டத்தில் இருக்கும் டி.இ.ஐ.சி. மையத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். அங்கே குழந்தை டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, காது, கண் எல்லாவற்றுக்கும் ஆட்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு பேர் குறையலாம். ஆனாலும் ஐந்து ஆஸ்பத்திரிக்கு ஐந்து நாள் அலைவதற்கு அது மேல். அங்கன்வாடி அக்காவிடம் வேன் எப்போது வரும் என்று கேட்டு வையுங்கள். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் நேராகவே போகலாம்.

அதற்கும் மேலே பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் வளர்ச்சி சம்பந்தப்பட்ட குழந்தை மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிறுவனம், தெற்கே இருப்பவர்களுக்குத் தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம். எங்கே போனாலும், உள்ளூரில் ஒரு குழந்தை டாக்டரை மட்டும் விடாதீர்கள். பெரிய டாக்டர்கள் ஆளுக்கொரு உறுப்பைப் பார்ப்பார்கள். மொத்தப் பிள்ளையையும் ஞாபகம் வைத்திருக்க ஒருவர் வேண்டும். எங்களுக்கு அது தாராபுரத்தில் சாயங்காலம் மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரம்மா. எந்த ரிப்போர்ட் வந்தாலும் முதலில் அவர் மேஜைக்குத்தான் போகும்.

நோட்டு

இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆலையில் நெல் வந்தது, அரிசி போனது, தவிடு எவ்வளவு என்று எழுதுகிற நீள நோட்டு ஒன்றையே இவளுக்கும் போட்டேன்.

முதல் பக்கத்தில் ஒரே பக்கத்துக்குள் அவள் கதை. எத்தனை வாரத்தில் பிறந்தாள், பிறந்தபோது எடை, உடனே அழுதாளா, இன்குபேட்டரில் எத்தனை நாள், எது எந்த மாதம் வந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது என்ன மருந்து எத்தனை மில்லி. புது டாக்டர் "சொல்லுங்கம்மா" என்றதும் நான் அழ ஆரம்பித்துவிடுவேன், பாதி மறந்துபோகும். இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டிவிடுகிறேன். தாய் சேய் அட்டையில் இருக்கும் எடை, உயர அளவுகளையும் அதில் எடுத்து எழுதுங்கள். தலைச் சுற்றளவையும் கேட்டு வாங்கி எழுதுங்கள். பல இடங்களில் எடையோடு நிறுத்திவிடுவார்கள். தலை வளர்கிற வேகம் நரம்பு டாக்டருக்கு முக்கியம்.

அடுத்து வருவது அன்றாடக் கணக்கு. வருடம் முழுக்க எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். ஒரு தொந்தரவு இருந்தால் அதற்கு மட்டும் மூன்று வாரம். எங்களுக்கு வாந்தி. நேரம், என்ன சாப்பிட்டாள், எவ்வளவு, எப்போது வாந்தி, படுத்திருந்தாளா உட்கார்ந்திருந்தாளா என்று கோடு போட்டேன். கடைசியில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது, சும்மா விடுவானேன் என்று "வெளிக்கு" என்று தலைப்புப் போட்டேன். இருபதாம் நாள் ராத்திரி நோட்டைப் புரட்டினால், வாந்தி அதிகமான நாளுக்கெல்லாம் முன்னால் அந்தக் கட்டம் இரண்டு மூன்று நாள் காலியாக இருக்கிறது. டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மலச்சிக்கலுக்குச் சிரப் எழுதினார். ஒரு லிட்டர் பசும்பால் கொடுத்துக்கொண்டிருந்ததை அரை லிட்டருக்கும் கீழே குறைக்கச் சொன்னார். பால் அதிகமானால் சோறும் இறங்காது, இரும்புச் சத்தும் குறையும், மலமும் கட்டும். ஒரு மாதத்தில் வாந்தி பாதிக்குப் பாதி நின்றது. ஒன்றரை வருடமாக அந்த வாந்தியையும் பெயர் தெரியாத நோயின் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தோம்.

இதை அழுத்திச் சொல்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைக்கு எது வந்தாலும் "அது அந்தப் பிரச்சினைதான்" என்று சொல்லிவிடுவது நமக்கும் சுலபம், டாக்டருக்கும் சுலபம். திடீரென்று ராத்திரி அலறுகிறாள், தலையில் அடித்துக்கொள்கிறாள், சாப்பிட மறுக்கிறாள் என்றால் முதலில் காது, பல், தொண்டை, வயிறு, பூச்சி, சிறுநீர் பாருங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்?

மூன்றாவது, வீடியோ. சாப்பிடும்போது தலை சட்டென்று ஒரு சொடுக்குச் சொடுக்கி நிமிரும். "பழக்கம், கண்டுக்காதீங்க" என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். என் கணவர் போனில் 40 விநாடி எடுத்தார். அடுத்து பார்த்த நரம்பு டாக்டர் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே மூளையின் மின் அலைகளைப் பார்க்கிற, தூங்கும்போது எடுக்கிற இ.இ.ஜி. எழுதினார். வலிப்பு என்று தெரிந்தது. எடுக்கும்போது முகம், கை, கால் மூன்றும் தெரிய வேண்டும். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், திரும்புகிறாளா என்பதும் பதிவாகும். எடுத்த தேதியைச் சொல்லிக்கொண்டே எடுத்தால் பிறகு தேட வேண்டியதில்லை.

டெஸ்ட் நாள்

காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்டுக்குப் பிள்ளை தூங்க வேண்டும். "ராத்திரி தூங்க விடாமல் கூட்டி வாங்க" என்றார்கள். பொம்மை காட்டி, பாட்டுப் பாடி, முகம் கழுவி விட்டு ஒரு மணி வரை முழித்து வைத்தோம், நாலரைக்கு எழுப்பிவிட்டோம். காலை பஸ்ஸில் கோவைக்கு இரண்டு மணி நேரம். பல்லடம் தாண்டியதும் என் தோளில் தூங்கிப் போனாள். நானும்தான். ஆஸ்பத்திரி வாசலில் பளிச்சென்று முழித்தாள். தூக்க மருந்து கொடுத்தும் அந்த அறையில் இருந்த வயரை எல்லாம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள்.

இரண்டாவது முறை முந்தின நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். வழியில் முழித்து வைக்க என்று இன்னொரு ஆள், என் தம்பி. அவள் மதியம் தூங்குகிற நேரத்துக்கே டெஸ்ட் கேட்டு வாங்கினோம். மயக்கமோ தூக்க மருந்தோ கொடுத்து எடுக்கிற எந்த டெஸ்டுக்கும், கடைசியாக எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவளுடைய போர்வையை எடுத்துப் போங்கள். இன்னொன்று, "பிறந்தப்பவே காது பார்த்தாச்சு" என்று பெராவைத் தட்டிக் கழிக்க வேண்டாம். பிறந்தவுடன் பல இடங்களில் செய்வது உள்காதை மட்டும் பார்க்கும் சின்ன டெஸ்ட். காதிலிருந்து போகிற நரம்பு வழியையும் சேர்த்துப் பார்ப்பது பெரா.

ரிப்போர்ட் எல்லாவற்றையும் போனிலும் எடுத்து வையுங்கள். எம்.ஆர்.ஐ.க்கு வெறும் தாள் போதாது, சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். அதை இன்னொரு டாக்டர் வேறு கண்ணால் பார்ப்பார்.

இரட்டைக் கோடு

மரபணு டாக்டர் ஒரு வெள்ளைத்தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு. என் கணவர் என் தாய்மாமன் மகன் என்றதும் எங்களுக்கு நடுவில் மட்டும் இரண்டாவது கோடு போட்டார். சொந்தத்துக்குள் கல்யாணம் என்பதற்கு அது அடையாளம். அந்த இரட்டைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கவனித்திருக்க வேண்டும். "இது குற்றம் சொல்ல இல்லைம்மா, எங்கே தேடுவது என்று தெரிய" என்றார். ஒரே குடும்பத்தில் ஒளிந்திருக்கும் ஒரே குறை தாயிடமும் தந்தையிடமும் இருந்தால், அந்த ஜோடிக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதே சமயம், சொந்தத்தில் கட்டிய பெரும்பாலானவர்களுக்குப் பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன என்பதையும் அவர்தான் சொன்னார்.

அந்தப் படத்துக்கு மூன்று தலைமுறை விவரம் வேண்டும். "குடும்பத்துல யாருக்காவது நோய் இருக்கா" என்று பெரியவர்களைக் கேட்டால் இல்லை என்றுதான் வரும். நான் அம்மாயியிடம் "யாருக்காவது பிள்ளை தங்காமப் போச்சா" என்று கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, மூன்று வயது வரை தலை நிற்காமல் காய்ச்சலில் போன ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். அவருடைய அக்கா மகன். என் அம்மாவுக்கே தெரியாத கதை. இந்த மாதிரிக் கேள்வியைத் தனியாக, ஆள் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

அப்புறம் மரபணுக்களை மொத்தமாகப் படித்துப் பார்க்கும் எக்ஸோம் என்ற டெஸ்ட். நகையை வைத்துத்தான் எடுத்தோம். கொஞ்சம் ரத்தம், இரண்டு மாதம் காத்திருப்பு, எட்டுப் பக்கம் ரிப்போர்ட். "முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்" ஒன்று இருக்கிறதாம். அது நோய்க்குக் காரணமாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எடுக்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இதில் தெளிவான விடை வருவதில்லை. அதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். கூடவே எங்கள் இருவருடைய ரத்தத்தையும் கொடுத்தால் விடை தெளிய வாய்ப்பு அதிகம் என்றார்கள். ரிப்போர்ட்டோடு முழுத் தரவையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். புதுப் புது நோய்கள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன, ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே தரவை மறுபடி பார்க்கலாம். அடுத்த பிள்ளைக்கு நினைக்கிறவர்கள், கருத்தரித்த பிறகு போகாமல் அதற்கு முன்பே மரபணு டாக்டரைப் பாருங்கள்.

பெயர் தேடுவதற்கு நாங்கள் வருடத்தில் ஒரு மாதம் ஒதுக்குகிறோம், சித்திரையில். மீதி பதினொரு மாதம் பயிற்சிக்கு. பெயர் வரட்டும், அப்புறம் பயிற்சியை ஆரம்பிக்கலாம் என்று நிறுத்தி வைத்திருந்தால் இவள் இன்னும் தவழ்ந்துகொண்டிருப்பாள். தசை தளர்ச்சிக்குப் பிசியோ, பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சி, வலிப்புக்கு மருந்து என்று இருப்பதற்கு வைத்தியம் பார்க்க நோயின் பெயர் தேவைப்படவில்லை.

வீட்டில்

சென்டரில் வாரம் இரண்டு நாள் முக்கால் மணி நேரம் தருகிறார்கள். அதில் பிள்ளை மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. நான் உள்ளே உட்கார்ந்து பார்த்து, வீட்டில் எதை எப்படிச் செய்வது என்று இரண்டே இரண்டு மட்டும் கேட்டு வருவேன். பத்துக் கேட்டால் ஒன்றும் நடக்காது. இந்த மாதம் ஒன்று, சின்ன முக்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுவது. தனியாகப் பயிற்சி என்று வைத்தால் அழுவாள். இட்லிக்குச் சட்னி அரைக்கும்போது மிக்ஸி சுவிட்சைப் போட அவளைக் கூப்பிடுவேன், எழுந்துதான் ஆக வேண்டும். இரண்டாவது, குளிக்கும்போது சொம்பில் இருந்து சொம்புக்குத் தண்ணீர் ஊற்றுவது.

சைகையும் படமும் காட்டினால் பேச்சு வராது என்று பயமுறுத்துவார்கள். அது தவறு. பேச்சுப் பயிற்சியாளர்தான் எங்களை ஆரம்பிக்கச் சொன்னார். ஃபிரிட்ஜில் தண்ணீர், சோறு, பாத்ரூம், வெளியே, வலி என்று ஐந்து படம் ஒட்டியிருக்கிறோம். "வலி" படத்தைத் தொட்டுவிட்டு அவள் காதைத் தொட்ட நாளை நோட்டில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். காதில் சீழ் இருந்தது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்தில் இறுக்கமாக எதுவும் இருந்தால் தளர்த்துங்கள், மணியைப் பாருங்கள். வாயில் கரண்டி, தண்ணீர், விரல் எதுவும் வேண்டாம். சாவியோ இரும்போ கையில் கொடுத்தால் வலிப்பு நிற்காது. வலிப்பு தானாக நிற்கிற நேரமும் சாவி கிடைக்கிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது, அவ்வளவுதான். 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நின்று மறுபடி வந்தால், 108. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பாட்டில் தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள்.

சில விஷயங்களுக்கு நான் வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொக்கம் எடுப்பது, நாக்கில் சூடு. உடம்பு துவண்ட பிள்ளைக்கு விழுங்குவதே சிரமம், மூக்கில் விட்ட எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. கோயிலுக்குப் போவது, கயிறு கட்டுவது, சுற்றிப் போடுவது இதற்கெல்லாம் நான் மறுப்புச் சொல்வதில்லை, அத்தைக்கும் ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா. ஸ்டெம் செல் போட்டால் பேச்சு வரும் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்களிடம் மட்டும் மாட்டாதீர்கள். இந்த மாதிரிப் பிரச்சினைகளுக்கு அதை வைத்தியமாக விற்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் அனுமதிக்கவில்லை.

அட்டை

நோயின் பெயர் தெரியாதவர்களுக்கு மாற்றுத் திறனாளி அட்டை கிடைக்காது என்று எங்களை இரண்டு பேர் திருப்பி அனுப்பினார்கள். அது சரியில்லை. காரணம் எது என்பதைவிட, பிள்ளையால் எவ்வளவு முடியவில்லை என்பதைத்தான் அளக்கிறார்கள். 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். சின்ன வயதில் கொடுப்பது தற்காலிகமானது, பிறகு மறுபடி அளப்பார்கள், தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு என்று சான்று கிடைத்தவர்களுக்கு நிரமயா என்ற காப்பீடு உண்டு, வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. பயிற்சிச் செலவையும் அதில் கேட்கலாம். பில் எல்லாம் பத்திரமாக வேண்டும்.

என் மூத்தவனுக்கு 9 வயது. "பாப்பாவுக்கு என்னம்மா?" என்று ஸ்கூலில் கேட்கிறார்களாம். அவனுக்கு ஒரு வரி சொல்லிக் கொடுத்தேன், அதையேதான் கல்யாண வீட்டில் கேட்கிறவர்களுக்கு நானும் சொல்கிறேன்: "உடம்புல பலம் கம்மி, மெதுவாத்தான் கத்துக்குவா, ஏன்னு டாக்டர் பார்த்துட்டிருக்காங்க." அதற்கு மேல் கேட்டால் பந்திக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுவேன். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை, அவள் அப்பாவிடம் இருப்பாள். அன்றைக்கு மூத்தவனும் நானும் மட்டும் அமராவதி பாலம் வரை நடந்து போய்த் திரும்புகிறோம்.

நேற்று நோட்டில் எழுதியது: காலை 2 இட்லி, வாந்தி இல்லை. வெளிக்குப் போனாள். முக்காலியில் இருந்து கை ஊன்றாமல் 6 முறை. பன்னிரண்டாவது வார்த்தை போல ஒன்று, "மிச்சி". மிக்ஸியா, மிச்சமா என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு நாள் கேட்டுவிட்டுக் கணக்கில் ஏற்ற வேண்டும்.